பக்கம் மாற்றிப் போட்ட பாரம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முகப்பில், ஓடாத கார் ஒன்று நீண்ட காலம் நின்றது. அதில் பழுது எதுவும் இல்லை. நடுக்கவாதம் என்று மருத்துவர் உறுதிப்படுத்திய வாரமே என் கணவர் தம்முடைய சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தாமாகவே திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் நோயின் மூன்றாம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும், பின்னேரம் நான்கு மணிக்கு அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய் அந்தக் காரில் அமர்ந்தார். இரு கைகளையும் சக்கரத்தில் வைத்து, கண்களை மூடி, அதை ஒரு விரற்கடை இடப்புறமும் ஒரு விரற்கடை வலப்புறமும் அசைத்துக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பெண்மணி ஒருநாள் என்னிடம் வந்து, அவருக்கு மனநிலை சரியில்லையா என்று மிகுந்த நாகரிகத்துடன் விசாரித்தார். கடலில் படகு ஓட்டப் பழகுகிறார் என்று நான் சொன்னேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னது உண்மை. மாசி மாதத்தில் கரீபியன் தீவொன்றில் மூன்று நாள் பாய்மரப் படகுப் போட்டி. அதன் கடைசி நாள் ஓட்டத்தில் சுக்கான் அவர் கையில் இருக்கும் என்று அவருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

வாக்குக் கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே அழைத்தோம். சுவிட்சர்லாந்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கடைகளுக்குக் குளிரூட்டி பொருத்தும் தொழில் செய்தவர். அங்கே ஏரியில் படகு ஓட்டப் பழகியிருந்தார். எங்களைப் பாய்மரத்துக்கு இழுத்துவந்தவரும் அவரே. எங்கள் படகுக் கூட்டத்தில் மற்றவர் செவன் கிங்ஸில் வசித்த பல் வைத்தியர். எங்களைவிட இளையவர், என்னை அக்கா என்றும் என் கணவரை அத்தான் என்றும் அழைப்பவர். அந்த உறவுமுறை தரும் கேலி உரிமையை அவர் ஒருநாளும் வீணாக்கியதில்லை. கோடைகாலச் சனிக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் வடக்கு லண்டன் நீர்த்தேக்கம் ஒன்றில் சிறு படகுகளை வாடகைக்கு எடுத்து ஓடினோம். உறவினர்களுக்கு இது பெரும் நகைச்சுவையாக இருந்தது. கப்பலிலும் படகிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த சனம், இப்போது காசு கொடுத்துப் படகு ஏறுதாம் என்று கலியாண வீடுகளில் பேசிச் சிரித்தார்கள்.

எங்கள் நால்வரில் உண்மையான கை என் கணவருடையது. வைத்தியசாலை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ஒரு துளியில் பாதியை அளந்து விடக்கூடிய விரல்கள். சுக்கானைப் பிடித்தால் அவர் பேசமாட்டார். படகு எங்கே போக விரும்புகிறதோ அதைக் கேட்டுவிட்டுப் பிறகு தம் விருப்பத்தைச் சொல்வது போலிருக்கும். அந்தக் கைதான் முதலில் நடுங்கத் தொடங்கியது.

வாக்கு கொடுக்கப்பட்டது பல் வைத்தியரின் வீட்டில், பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. என் கணவரின் கரண்டி தட்டில் தாளம் போட்டது. எல்லோரும் அதைக் கேட்காதவர்கள் போல உரக்கப் பேசினோம். திடீரென்று அண்ணை சொன்னார்:

“தம்பி, கை சொல்லுக் கேக்கேக்கையே ஒரு பெரிய கடல் ஓடுவம். மூண்டு நாள் போட்டி. முதல் ரெண்டு நாளும் நான் பிடிக்கிறன். கடைசி நாள் சுக்கான் உன்ரை. முடிவுக் கோட்டைத் தாண்டுறது நீ.”

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். “உண்மையாத்தான் சொல்லுறியளோ, அண்ணை?”

“நான் எப்ப பொய் சொன்னனான்?”

அன்றிலிருந்துதான் காரில் அமரத் தொடங்கினார். நீர்த்தேக்கப் படகில் சுக்கானைத் திருப்ப இருந்தது ஒரு தடி; பெரிய படகில் இருப்பது சக்கரம். சக்கரத்துக்குக் கையைப் பழக்க வேண்டும் என்றார். இன்னும் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோதான் இந்தக் கைகளுக்கு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு ஓட்டத்தைத் தவிர அவர் வேறெதையும் யாரிடமும் கேட்கவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நோய் வந்த நாள் முதலாக அவருடைய மருந்துக் குளிசைகளை நானே கொடுத்துவந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை. நான் குளிசையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் “இஞ்சாருங்கோ” என்பேன். அவர் வாசிப்பதை நிறுத்தாமல் கையை நீட்டுவார். நான் அவர் கையில் போட்டுத் தண்ணீரைக் கொடுப்பேன். என்ன குளிசை, எத்தனை என்று அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் இரத்தத்தை எண்ணி அளந்தவர், தம் வாய்க்குள் போவதை எண்ணவில்லை. அவையெல்லாம் என் மனைவியின் இலாகா என்று விருந்தினரிடம் பெருமையாகச் சொல்வார்.

நாங்கள் எடுத்த படகு போட்டிக்கென்று கட்டப்பட்டதல்ல. குடும்பங்கள் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் தடித்த உல்லாசப் படகு. உள்ளே சமையலறை, குளிப்பறை, இருபுறமும் நீண்ட படுக்கைகள். அப்படிப்பட்ட படகுகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. வேகத்துக்காகப் பாரத்தைக் குறைக்கவேண்டும் என்று அண்ணை தண்ணீர்த் தாங்கியைப் பாதியாக்கினார், நாற்காலிகளைக் கரையில் இறக்கினார், என் நான்கு புத்தகங்களையும் இறக்கினார். பத்துக் கிலோ அரிசி மூட்டையை மட்டும் எவரும் தொடவில்லை. பல் வைத்தியர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “இதை இறக்கினா நானும் இறங்குவன்” என்றார்.

முதல் நாள் மூன்றாவதாக வந்தோம். கடைசியாக வருவோம் என்றே நினைத்திருந்தோம். அதனால் அண்ணை நம்பாமல் பலகையில் இருந்த பட்டியலை இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் நாள் முதலாவதாக வந்தோம். இரண்டு நாள் புள்ளிகளையும் கூட்டியபோது நாங்களும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் படகும் சமமாக நின்றோம். மூன்றாம் நாள் எங்களில் எவர் முன்னால் வருகிறாரோ அவருக்கே கிண்ணம்.

அந்த இரண்டாம் நாளில் எனக்கும் ஒன்று நேர்ந்தது. முன்பாயின் கயிறு என் பொறுப்பு. கடைசித் திருப்பத்தில் காற்று மாறியதை நான் எல்லோருக்கும் முன்னால் கண்டு, எவரும் சொல்லாமலே கயிற்றை ஒரு சாண் இழுத்தேன். படகு பாய்ந்தது. “தங்கச்சி, அந்த இழுவையிலைதான் வெண்டனாங்கள்” என்று அண்ணை கத்தினார். மூன்று ஆண்டுகளாக நான் சட்டைப் பொத்தான் போடுபவள், இறைச்சியை வெட்டிக் கொடுப்பவள், மருத்துவமனைக் கடிதங்களைக் கோப்பில் அடுக்குபவள். நூலகத்தில் வேலை செய்த காலத்துக்குப் பிறகு, நான் ஒன்றை நன்றாகச் செய்தேன் என்று எவரும் சொன்னதில்லை. அந்த ஒரு சாண் கயிறு என் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அந்தக் காயத்தை நான் மகிழ்ச்சியோடு தடவிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் என் கணவர் கரையில் இருந்த குளிப்பறைக்குப் போனார். பிறகு பல் வைத்தியர் கறிக் கரண்டியை எடுத்து, இரு கைகளாலும் பிடித்து, உடலெல்லாம் உதற நின்றார்.

“நாளைக்கு இப்பிடித்தான் தீவைச் சுத்துவம். பிரெஞ்சுக்காரன் பாத்துட்டு, உங்கடை படகுக்குக் காய்ச்சலோ எண்டு கேப்பான்.”

அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்திருக்காவிட்டால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

“தங்கச்சி,” என்றார் அண்ணை, தாழ்ந்த குரலில். “நீர்தான் ஒருக்கா அவனோடை கதைக்கவேணும். எனக்கு வாய் வராது.”

“வாக்குக் குடுத்தது நீங்கள், அண்ணை.”

“அண்ணை வாக்குக் குடுக்கேக்கை, நாங்கள் கடைசியா வருவம் எண்டு நினைச்சுத்தானே குடுத்தவர்,” என்றார் பல் வைத்தியர். கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் மாட்டினார்.

நான் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் என் கணவர் மறுத்திருப்பார் என்று நான் அஞ்சியதாக நீண்ட காலம் எனக்கே சொல்லிவந்தேன். அது சரியல்ல. அவர் உடனே சம்மதித்திருப்பார். “அதுக்கென்ன, வெல்லுங்கோ” என்றிருப்பார். அப்படிச் சொல்லும்போது அவருடைய முகத்தை நான் பார்க்கவேண்டி வரும். அதைத்தான் நான் விரும்பவில்லை. எனக்கு வெற்றி வேண்டியிருந்தது. அதற்காக அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு இருக்கவில்லை.

கடல் மயக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் குளிசை எடுத்தோம். அது தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால் அவருக்கு அரைக் குளிசை மட்டுமே என்று லண்டனில் மருந்தகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, அவருடைய வழக்கமான குளிசைகளோடு அதில் இரண்டை முழுதாக வைத்தேன்.

“இஞ்சாருங்கோ.”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அந்தக் கை அன்று வழக்கத்தைவிடக் குறைவாகவே நடுங்கியது, நன்றாக உறங்கியிருந்தார். நான் போட்டேன். அவர் விழுங்கினார்.

துறைமுகத்திலிருந்து தொடக்கக் கோடு வரை படகை அவரே கொண்டுபோனார். முக்கால் மணி நேரம். எங்களில் எவரும் அவரை நேரே பார்க்கவில்லை. முதல் அரைமணி நேரமும் படகு தண்ணீரில் வரைந்த கோடு போலப் போயிற்று. பல் வைத்தியர்கூட அதைக் கவனித்தார். கவனித்ததை மறைக்க, பாயைப் பார்ப்பது போல அண்ணாந்தார். அப்போது நிறுத்தியிருக்கலாம். முகத்தில் நீரை அடித்து, கடுங்கோப்பி கொடுத்து, அவரை எப்படியாவது விழித்திருக்கச் செய்திருக்கலாம். நான் கயிற்றைச் சுருட்டி அடுக்கினேன்.

பிறகு கொட்டாவி விட்டார். தலையை உதறிக்கொண்டார். “இண்டைக்கு என்ன, கண் கட்டுது,” என்றார். இன்னொரு முறை உதறினார்.

“தம்பி, இன்னும் நேரம் கிடக்கு. உள்ளுக்கை போய்க் கொஞ்சம் சாய்,” என்றார் அண்ணை. அவருக்கு நான் செய்தது தெரியாது. ஆனால் சக்கரத்தை நோக்கி அவர் கை எவ்வளவு விரைவாக நீண்டது என்பதை நான் கண்டேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். “தொடங்கேக்கை எழுப்புவீரோ?”

“ஓம். எழுப்புறன்.”

அவரைப் படிகளில் இறக்கி, படுக்கையில் சாய்த்து, உருண்டு விழாதிருக்கப் படுக்கையின் ஓரத்தில் இருந்த தடுப்புத் துணியை இழுத்துக் கட்டினேன். முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் உறங்கிவிட்டார்.

காற்றை எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் நேரே போகாது. ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகு மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். உயர்ந்து நிற்கும் பக்கத்துக்கு ஆட்கள் உடனே ஏறிப்போய்ப் பாரம் கொடுக்கவேண்டும். முதல் திருப்பம் முடிந்ததும் பிரெஞ்சுப் படகு எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பல் வைத்தியர் வாசலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, அத்தான் பிழையான பக்கத்திலை கிடக்கிறார். எழுபது கிலோ.”

“விடுங்கோ, பாவம், படுக்கட்டும்,” என்றார் அண்ணை. ஒரு கணம் கழித்து, பிரெஞ்சுப் படகைப் பார்த்துவிட்டு, “மாத்த ஏலுமெண்டா மாத்தினா நல்லம்,” என்றார்.

நான் இறங்கினேன். துணியை அவிழ்த்து, அவருடைய கைகளுக்குள் என் கைகளைக் கொடுத்து எழுப்பினேன். அவர் கண் திறக்காமலே எழுந்தார்.

“என்ரை முறையோ?”

“இன்னும் இல்லை. வாங்கோ.”

சாய்ந்த தரையில், மலையேறுவது போல, என் தோளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புறப் படுக்கைக்கு வந்தார். அவரைக் கிடத்தி, துணியைக் கட்டினேன். மேலே வந்தபோது படகு சிறிது நிமிர்ந்திருந்தது. அதை என் பாதங்களிலேயே உணர்ந்தேன்.

“ஆகா,” என்றார் பல் வைத்தியர். “அரிசி மூட்டையைவிட அத்தான் நல்ல வேலை.”

அவரை நான் நான்கு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் “என்ரை முறையோ?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் இன்னும் இல்லை என்றேன். மூன்றாம் முறை அவர் எழ மறுத்துக் குழந்தை போல முனகியபோது, அவருடைய தோளைப் பற்றி ஓங்கி உலுக்கினேன். பிரெஞ்சுப் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான்காம் முறை கிடத்தும்போது அவருடைய கைகளைப் பார்த்தேன். ஆழ்ந்த உறக்கத்தில் அவை நடுங்குவதில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்து நாட்களில் இருந்தது போலவே, அசையாமல், அழகாக, வயிற்றின்மேல் கிடந்தன. நான் மேலே போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

நாங்கள் வென்றோம். ஒரு படகு நீளத்தால்.

முடிவுக் கோட்டில் ஊதிய ஊதுகுழல்தான் அவரை எழுப்பியது. படிகளில் ஏறி, வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அண்ணையும் பல் வைத்தியரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“முடிஞ்சுதோ?”

“முதலாவது, அத்தான்! நீங்கள் படுத்துக்கொண்டே வெண்டிட்டியள்!”

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு பல் வைத்தியரின் கையை. கடைசியாக என்னிடம் வந்து, என் கையையும் அதே முறையில், ஒரு சக போட்டியாளரின் கையைப் பிடிப்பது போலக் குலுக்கினார். கயிறு கிழித்த இடத்தில் அவர் விரல் பட்டது.

பரிசளிப்பில் கிண்ணத்தை அவர்தான் ஏந்தவேண்டும் என்று அண்ணை பிடிவாதம் பிடித்தார். கிண்ணத்தின் மூடி அவர் கைகளில் கடகடவென்று அடித்தது. “ஆட்டாதேங்கோ அத்தான், படம் கலங்குது,” என்றார் பல் வைத்தியர். கூட்டம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அந்தப் படம் இப்போதும் செவன் கிங்ஸ் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதில் எல்லோருடைய பற்களும் தெளிவாகத் தெரிகின்றன.

படகுக்குத் திரும்பியதும் அவர் என் கைப்பையைத் திறந்தார். திருமணமாகி அத்தனை ஆண்டுகளில் அவர் அதைத் திறந்தது அதுவே முதல் முறை. கடல் மயக்கக் குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்து, வெறுமையான குழிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். விரல் குழியைத் தவறவிட்டது. மீண்டும் தொடங்கினார். பரிசோதனைக் கூடத்தில் எண்ணியது போலப் பொறுமையாக எண்ணி முடித்தார்.

“இண்டைக்கு எத்தினை தந்தனீர்?”

“ரெண்டு.”

“முழுசா?”

“ஓம்.”

“அவையள் ரெண்டு பேரும் தரச் சொன்னவையோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை ஏற்றுக்கொண்டு, என்னை மன்னிக்கவும் ஆயத்தமாக இருந்தார் என்று அந்தக் கேள்வியின் மென்மையிலிருந்தே தெரிந்தது.

“இல்லை. உங்களோடை கதைக்கச் சொன்னவை. குளிசை நான்தான்.”

அவர் அட்டையை மடித்து மேசையின் நடுவில் வைத்தார்.

“நடுவிலை என்னை எழுப்பி எழுப்பி நடத்தினது கனவில்லைத்தானே?”

“இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் பக்கம் மாத்தினனான்.”

“ஒவ்வொரு திருப்பத்துக்குமோ?”

“ஓம்.”

“அப்ப பாரம் சரியாத்தான் போட்டனீர்,” என்றார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. படகோட்டி ஒருவர் இன்னொரு படகோட்டியின் வேலையைச் சரிபார்த்துச் சொன்ன குரல் அது. அதைப் பற்றி அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

லண்டனுக்கு வந்த மறுநாள், தனியே பேருந்தில் போய், ஏழு நாட்களுக்கு ஏழு வரிசை அறைகள் கொண்ட குளிசைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் சமையலறை மேசையில் அமர்ந்து தாமே அதை நிரப்பினார். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. குளிசைகள் கை தவறித் தரையில் விழுந்து உருளும் ஓசையை நான் அடுத்த அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன். ஒருநாள் எழுந்துபோய்க் குனிந்தேன். “விடும், நான் எடுக்கிறன்,” என்றார், மிகுந்த மரியாதையுடன். காரில் போய் அமர்வதையும் விட்டுவிட்டார். ஆடி மாதத்தில் அதை விற்றோம்.

சென்ற ஆண்டு அவர் விரல்களால் பெட்டியைத் திறக்கவும் முடியாமற் போயிற்று. நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் நகரசபைக் கவுன்சிலுக்குத் தாமே தொலைபேசி எடுத்துப் பராமரிப்புக்கு ஆள் கேட்டார். இப்போது நாள்தோறும் ஒரு பெண் வருகிறாள். எந்த நாட்டுப் பெண் என்று எனக்குத் தெரியாது, முப்பது வயதிருக்கும், ஷிப்ட் முடிவதற்குள் இன்னும் ஆறு வீடுகள் இருப்பதால் சப்பாத்தைக் கழற்றாமல் அதன்மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வருவாள். அவருடைய பெயரையும் தவறாகவே உச்சரிப்பாள். அவள் குளிசைகளைத் தன் உள்ளங்கையில் கொண்டுவரும்போது நான் சமையலறை வாசலில் நிற்பேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பார்த்தபடியே அவளிடம் கையை நீட்டுவார். அவள் போடுவதை எண்ணாமல் விழுங்குவார்.